வேலையோடு ஒரு கேரவன் பயணம்: வரலாற்று இடங்களைப் பார்க்கக் கிளம்புகிறவர்களுக்கு

லேப்டாப்பும் இணையமும் இருந்தால் எங்கிருந்தும் வேலை பார்க்கலாம் என்ற நிலையில் இருக்கிறீர்களா? பழைய கோட்டைகள், மடாலயங்கள், புதைந்து போய் மீண்ட நகரங்கள் என்றால் ஆசையா? அப்படியானால் கேரவன், அதாவது படுத்துத் தூங்கவும் சமைக்கவும் வசதி உள்ள வண்டி, உங்களுக்கு நன்றாகப் பொருந்தும். லீவு எடுக்காமலேயே ஒரு கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு வாரம் குடியிருக்கலாம். சுற்றுலாப் பேருந்துகள் கிளம்பிப் போன பிறகு, சாயங்கால வெயிலில் அந்தச் சுவர்களைச் சுற்றி நிதானமாக நடக்கலாம்.

முதல் முறை கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் இதை விடுமுறைச் சுற்றுலா மாதிரியே திட்டமிடுகிறார்கள். தினம் ஒரு ஊர், ஊருக்கு இரண்டு இடம், நடுவில் எங்கேயாவது உட்கார்ந்து வேலை. இப்படிப் போனால் வேலையும் அரைகுறை, பார்த்ததும் அரைகுறை. ஓர் இடத்தில் குறைந்தது ஒரு வாரம் தங்குங்கள், வேலை இல்லாத நாளில் மட்டும் வண்டியை நகர்த்துங்கள். கீழே வருகிற யோசனைகள் எல்லாமே இந்த ஒரு விதியிலிருந்து வருபவைதான்.

முதலில் அலுவலகம்

வண்டி பார்ப்பதற்கு முன்னால் மேலாளரிடம் பேசிவிடுங்கள். எந்த நாட்டில் இருந்துகொண்டு வேலை பார்க்கப்போகிறீர்கள் என்பது நிறுவனத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும். வரி, காப்பீடு, தரவுப் பாதுகாப்பு மூன்றுமே அதைப் பொறுத்தது. சில நிறுவனங்கள் தங்கள் கணினியை வேறு நாட்டுக்கு எடுத்துப்போகவே அனுமதிப்பதில்லை. உள்நாட்டிலேயே சுற்றுவதாக இருந்தால் இந்தப் பேச்சு ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

எல்லை தாண்டுவதாக இருந்தால் விசா விதிகளை நீங்களே உட்கார்ந்து படியுங்கள். சுற்றுலா விசாவில் வந்து வேலை பார்ப்பதைப் பல நாடுகள் ஏற்பதில்லை, அது வெளிநாட்டு நிறுவனத்தின் வேலையாக இருந்தாலும்கூட. ஐரோப்பாவில் பல நாடுகள் சேர்ந்த ஷெங்கன் பகுதியில் குறுகிய காலத் தங்கல் என்றால் 180 நாளில் 90 நாள்தான். வரி விஷயத்தில் ஆண்டுக்கு 183 நாள் என்ற எல்லையைப் பல நாடுகள் பின்பற்றுகின்றன, அதைத் தாண்டித் தங்கினால் அங்கேயும் வரி கட்ட வேண்டி வரலாம்.

அப்புறம் நேர வித்தியாசம். சக ஊழியர்கள் உங்களுக்குக் கிழக்கே இருந்தால் அதிகாலையில் வேலை தொடங்கி மதியத்தோடு முடியும், பிற்பகல் முழுக்க உங்களுடையது. மேற்கே இருந்தால் காலை உங்களுடையது, வேலை இரவு வரை நீளும். வரலாற்று இடங்களைப் பொறுத்தவரை இரண்டுமே வசதிதான். நாள் முழுவதும் துண்டு துண்டாக மீட்டிங் வருகிற வேலைதான் கஷ்டம். முடிந்தால் மீட்டிங்குகளை ஒரே பக்கமாக ஒதுக்கச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள்.

எந்த வண்டி

படுக்கையும் சமையலும் வண்டிக்குள்ளேயே இருந்து, அதையே ஓட்டிச் செல்லும் மோட்டார் வீடு ஒரு வகை. காருக்குப் பின்னால் இழுத்துச் செல்வது இன்னொரு வகை. வேலையோடு போகிறவர்களுக்கு இழுத்துச் செல்வதைத்தான் நான் சிபாரிசு செய்வேன். கேரவனை கேம்ப்சைட்டில் (வண்டி நிறுத்தித் தங்குவதற்கான முகாம் இடத்தில்) நிறுத்திவிட்டால் அது உங்கள் அலுவலகம். மேஜையில் திரை, கேபிள், காகிதம் எல்லாம் அப்படியே கிடக்கட்டும். நீங்கள் காரை மட்டும் எடுத்துக்கொண்டு கோட்டைக்குப் போகலாம். மோட்டார் வீடு என்றால் ஒரு சாயங்காலம் வெளியே போவதற்குக்கூட எல்லாவற்றையும் அடுக்கிக் கட்ட வேண்டும். பழைய ஊர்களின் குறுகலான வாசல்களும், வண்டி நிறுத்துமிடங்களில் உயரத்தைத் தடுக்கிற குறுக்குக் கம்பிகளும் அதை உள்ளே விடாது. இத்தாலியில் பல ஊர்களின் பழைய மையப் பகுதிக்குள் அனுமதி இல்லாத வண்டி எதுவுமே போகக் கூடாது. சின்னக் கார்கூட வெளியே நின்றுவிட வேண்டியதுதான்.

ஓட்டுநர் உரிம விதி நாட்டுக்கு நாடு வேறு. பிரிட்டனில் 2021 டிசம்பரிலிருந்து கார் உரிமம் உள்ளவர்கள் 3,500 கிலோ வரையுள்ள கேரவனை இழுக்கலாம். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் சாதாரணக் கார் உரிமம் வைத்திருந்தால், 750 கிலோவைத் தாண்டிய கேரவனும் காரும் சேர்ந்து 3,500 கிலோவுக்குள் இருக்க வேண்டும்.

எடைதான் பாதுகாப்பின் அடிப்படை. புதிதாக ஓட்டுகிறவர்கள், சாமான் ஏற்றிய கேரவனின் எடை காரின் எடையில் 85 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கனமான பொருட்கள் கீழே, சக்கர அச்சுக்கு நேர் மேலாக இருக்கட்டும். மேல் அலமாரிகளில் துணி, ரொட்டி மாதிரி லேசானவை மட்டும். கேரவனின் முன்பக்கம் காரின் கொக்கியை அழுத்துகிற எடைக்கும் கணக்கு உண்டு. ஐரோப்பிய வகைக் கேரவன்களில் மொத்த எடையில் 5 முதல் 7 சதவீதம், அமெரிக்க வகைகளில் 10 முதல் 15 சதவீதம். காரும் கொக்கியும் தாங்குகிற அளவையும் கூடவே பாருங்கள். முன்பாரம் குறைந்து பின்னால் பாரம் ஏறினால், வேகத்தில் கேரவன் பாம்பு மாதிரி நெளியத் தொடங்கும். அப்படி நெளிந்தால் ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். அடித்துப் பிரேக் போடாதீர்கள், வேகத்தையும் கூட்டாதீர்கள்.

முதல் பயணத்துக்கு வாடகை வண்டியே போதும். சொந்தமாகப் பழைய கேரவன் வாங்குவதாக இருந்தால் டயரின் வயதைக் கட்டாயம் பாருங்கள். கேரவன் பெரும்பாலும் நின்றுகொண்டே இருப்பதால் டயர் தேய்வதற்கு முன்பே ரப்பரில் வெடிப்பு விழுந்துவிடும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது என்று பொருள். ஐந்து ஆண்டு தாண்டினால் மாற்றுவது நல்லது, ஏழு தாண்டினால் யோசிக்கவே வேண்டாம். ஸ்டெப்னி டயருக்கும் இதே கணக்குதான்.

எங்கே முகாம் போடுவது

வரைபடத்தில் பிரபலமான இடங்களைக் குறித்துவிட்டுக் கோடு போட்டு இணைக்காதீர்கள். ஒரு கேம்ப்சைட்டை நடுவில் வையுங்கள், அதைச் சுற்றிக் காரில் ஒரு மணி நேரத்துக்குள் என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள். ஒரு வாரத்துக்குப் பெரிய இடம் ஒன்று, சின்ன இடங்கள் மூன்று நான்கு இருந்தால் தாராளம்.

நல்ல உதாரணம், வட இங்கிலாந்தில் இருக்கும் ஹேட்ரியன் சுவர். ரோமப் பேரரசர் ஹேட்ரியன் காலத்தில், கி.பி. 122-ல் கட்டத் தொடங்கியது. கிழக்குக் கடலோரத்திலிருந்து மேற்குக் கடலோரம் வரை 117 கிலோமீட்டர் நீளம். ஒரே நாளில் ஓடி ஓடிப் பார்க்கிற இடமே இல்லை. நடுப்பகுதியில் கேரவனை நிறுத்தினால் ஒரு சாயங்காலம் செஸ்டர்ஸ் கோட்டையில் ஆற்றங்கரைக் குளியல் கூடம், இன்னொரு நாள் மலைமுகட்டில் ஹவுஸ்டெட்ஸ் கோட்டை, சனிக்கிழமை முழுவதும் விண்டோலாண்டா கோட்டை என்று பிரித்துக்கொள்ளலாம். கோடையில் இந்த இடங்களை இணைத்து ஒரு பேருந்தும் ஓடுகிறது. அதன் தட எண்ணே ஏடி122, அதாவது கி.பி. 122.

விண்டோலாண்டாவை வேலையோடு போகிறவர்கள் விடவே கூடாது. 1973-ல் அங்கே ஈர மண்ணுக்குள்ளிருந்து மெல்லிய மரச் சீவல்கள் கிடைத்தன, மையால் எழுதியவை. ரோமப் படைமுகாமின் அலுவலகக் காகிதங்கள் அவை. ஒன்று வருகைப் பதிவு: படைப்பிரிவில் மொத்தம் 752 பேர், அதில் 456 பேர் வெளியே பணியில், முகாமில் இருக்கும் 296 பேரில் 31 பேருக்கு உடம்பு சரியில்லை, அதிலும் 10 பேருக்குக் கண் நோய். லீவு கேட்டு எழுதிய மனுக்களும் இருக்கின்றன. கி.பி. 100-ஐ ஒட்டிய காலத்தில் கிளாடியா செவெரா என்ற பெண் தன் தோழி லெபிடினாவைப் பிறந்தநாளுக்கு அழைத்த கடிதமும் இருக்கிறது. காலையில் நீங்களே ஒரு வருகை அறிக்கையோ விடுப்புக் கோரிக்கையோ அனுப்பிவிட்டு வந்து இதைப் படிக்கும்போது, அந்த ஆட்கள் மிகவும் நெருக்கமாகிவிடுகிறார்கள். சீவல்களில் பெரும்பாலானவை லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் உள்ளன, சில கண்டெடுத்த இடத்திலேயே காட்சிக்கு இருக்கின்றன.

தெற்கே இத்தாலிக்குப் போகிறவர்களுக்கு, எரிமலைச் சாம்பலில் புதைந்த ரோம நகரமான பாம்பேய். அகழ்ந்த நகரத்தின் வாசலுக்குப் பக்கத்திலேயே கேம்ப்சைட் இருப்பதால் கார்கூட வேண்டாம், நடந்தே போய்விடலாம்.

கேம்ப்சைட்டை முன்பதிவு செய்யும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். மின்இணைப்பு எத்தனை ஆம்பியர்? எனக்குக் கொடுக்கிற இடத்தில் எந்த நிறுவனத்தின் மொபைல் சிக்னல் நன்றாகக் கிடைக்கும்? பதில் மழுப்பலாக வந்தால் வேறு இடம் பாருங்கள்.

இணையம்

கேம்ப்சைட் வைஃபையை நம்பி வேலை ஒப்புக்கொள்ளாதீர்கள். சாயங்காலம் எல்லாரும் படம் பார்க்க உட்கார்ந்ததும் அது நகராது. வெவ்வேறு நிறுவனங்களின் இரண்டு சிம், சிம் போடுகிற ஒரு ரூட்டர், கேரவனின் கூரையிலோ ஜன்னலுக்கு வெளியிலோ வைக்கிற ஒரு ஆன்டெனா, இதுதான் அடிப்படை. உலோகச் சுவர் சிக்னலை நன்றாகவே மறைக்கும். வெளியே மூன்று கோடு காட்டுகிற போன், உள்ளே வந்ததும் ஒன்றுக்கு இறங்கும்.

குழு வீடியோ கால் ஒன்றுக்கு மணிக்கு 1 முதல் 2.5 ஜிபி வரை போகும். தினம் இரண்டு மணி நேரம் பேசுகிறவர் மாதக் கணக்கைப் போட்டுப் பார்த்துத் திட்டம் வாங்க வேண்டும். பதிவிறக்க வேகத்தைவிடப் பதிவேற்ற வேகத்தைக் கவனியுங்கள். நொடிக்கு 4 மெகாபிட் இருந்தால் உங்கள் முகமும் குரலும் தெளிவாகப் போய்ச் சேரும்.

நிலத்தின் அமைப்பை வைத்தே ஓரளவு ஊகிக்கலாம். கோட்டைகளை உயரத்தில் கட்டினார்கள், அங்கே பெரும்பாலும் சிக்னல் இருக்கும். சிஸ்டெர்சியன் என்ற கிறிஸ்தவப் பிரிவின் துறவிகள் ஆளரவமில்லாத பள்ளத்தாக்குகளைத் தேடிப்போய் மடாலயம் கட்டினார்கள். இங்கிலாந்தின் ரீவோ, பிரான்சின் ஃபோன்டெனே எல்லாம் அப்படித்தான். இந்த மாதிரி இடங்களுக்குப் போகும்போது முகாமைப் பக்கத்து ஊரில் போடுங்கள், மடாலயத்துக்கு வேலை இல்லாத நாளில் போங்கள். செயற்கைக்கோள் இணையம் வைத்திருந்தால் கவலை குறையும், ஆனால் அதற்குத் திறந்த வானம் வேண்டும். மரத்தடி நிழலில் நிறுத்தினால் அடிக்கடி அறுந்துபோகும்.

கரண்ட் கணக்கு

இதை ஒருமுறை காகிதத்தில் போட்டுவிட்டால் பயணம் முழுக்க நிம்மதி. லேப்டாப்புக்கு 40 வாட், கூடுதல் திரைக்கு 20, ரூட்டருக்கு 10 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 70 வாட். எட்டு மணி நேரத்துக்கு 560 வாட்-மணி. 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் 1,200 வாட்-மணி இருக்கும். ஆனால் சாதாரண லெட்-ஆசிட் பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் போய்விடும். ஆக, கையில் உள்ளது 600. விளக்கு, தண்ணீர் பம்பு எதையும் சேர்க்காமலேயே ஒரு வேலை நாளோடு சரி. அதே அளவு லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி என்றால் ஏறத்தாழ 1,000 வரை எடுக்கலாம். 100 வாட் சோலார் பேனல் நல்ல வெயில் நாளில் 300 முதல் 400 தரும், மேகமூட்டமாக இருந்தால் அதில் சிறு பங்குதான்.

அதனால் வேலை வாரம் முழுவதும் மின்இணைப்பு உள்ள இடத்திலேயே தங்குங்கள். பேட்டரியும் சோலாரும் கரண்ட் போகிற நேரத்துக்கும் வார இறுதிக்கும் இருக்கட்டும். லேப்டாப்பை இன்வர்ட்டர் வழியாகப் போடாமல், 12 வோல்ட்டிலிருந்து நேரடியாக யுஎஸ்பி-சி மூலம் சார்ஜ் செய்தால் நடுவில் வீணாவது குறையும்.

மின்இணைப்பு இருந்தாலும் வீட்டு மாதிரி இழுக்க முடியாது. 230 வோல்ட் நாடுகளில் 6 ஆம்பியர் என்றால் 1,380 வாட்தான். ஒரு மின்கெட்டிலே 2,000 வாட் வாங்கும், போட்ட உடனே டிரிப் ஆகிவிடும், ரூட்டரும் நடு மீட்டிங்கில் அணைந்துபோகும். 10 ஆம்பியரில் 2,300, 16 ஆம்பியரில் 3,680. ஹீட்டரும் கெட்டிலும் ஒரே நேரத்தில் ஓட வேண்டுமானால் 16 தேவை. இன்னொன்று, நீளமான கேபிளைச் சுருளாகவே விட்டு இணைக்காதீர்கள். சுருளுக்குள் சூடு ஏறி உறை உருகிவிடும். தேவைப்படாத நீளத்தையும் பிரித்துத் தரையில் பரப்பிப் போடுங்கள்.

குளிர் காலத்தில் கேஸ் வாங்கும்போது புரோப்பேன் கேளுங்கள். பியூட்டேன் பூஜ்ஜியம் டிகிரியை நெருங்கும்போதே ஆவியாக மறுக்கும், புரோப்பேன் மைனஸ் 42 டிகிரி வரை ஆவியாகும். கேஸும் கரியும் சரியாக எரியாதபோது வரும் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு மணமே கிடையாது. அதற்கான அலாரம் இல்லாத கேரவனில் ஓர் இரவுகூடத் தூங்காதீர்கள். குளிருகிறது என்று காற்றுத் துளைகளை அடைக்காதீர்கள், வெளியே மூட்டிய கரி அடுப்பை அணைந்துவிட்டது என்று நம்பி உள்ளே கொண்டுவராதீர்கள்.

வந்து சேர்ந்த முதல் அரை மணி நேரம்

வேலை மேஜை சாயாமல் இருக்க வேண்டுமென்றால் வண்டி மட்டமாக நிற்க வேண்டும். கேரவனில் வழக்கமாக இருக்கும் கேஸ் பிரிட்ஜும் மட்டமாக நின்றால்தான் சரியாகக் குளிரும். ரசமட்டத்தைக் கேரவனின் உள்தரையில் குறுக்காக வையுங்கள். குமிழி எந்தப் பக்கம் ஓடுகிறதோ அது உயரமான பக்கம். எதிர்ப்பக்கச் சக்கரத்துக்கு முன்னால் சாய்வுக் கட்டையை வைத்து, காரால் மெதுவாக ஏற்றுங்கள். குமிழி நடுவுக்கு வந்ததும் கேரவனின் கைப்பிரேக்கை இழுத்து, சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். அதற்குப் பிறகுதான் காரிலிருந்து கழற்ற வேண்டும். இப்போது ரசமட்டத்தை நீளவாக்கில் திருப்பி வைத்து, முன்னால் உள்ள சின்னச் சக்கரத்தின் கைப்பிடியைச் சுற்றி முன்பக்கத்தை ஏற்றி இறக்குங்கள். கடைசியாக நான்கு மூலைக் கால்களை இறக்குங்கள். அவை ஆட்டத்தை நிறுத்தத்தான். தரையைத் தொட்டு இறுகினால் போதும், அவற்றை வைத்து வண்டியைத் தூக்கினால் அடிச்சட்டம் வளைந்துவிடும்.

உள்ளே உட்காரும் பெஞ்ச் சாப்பிடுவதற்காகச் செய்தது, எட்டு மணி நேர வேலைக்கு அல்ல. முதுகுக்குக் கெட்டியான தலையணை, தனி விசைப்பலகை, லேப்டாப்பைக் கண் மட்டத்துக்கு உயர்த்துகிற மடக்கு ஸ்டாண்ட், இந்த மூன்றையும் மறக்காதீர்கள். கழிவறைப் பெட்டியை இரண்டு பேர் என்றால் இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை காலி செய்ய வேண்டியிருக்கும். அதை மீட்டிங் இல்லாத காலையில் முடித்துவிடுங்கள்.

இடங்களைப் பார்ப்பது

வார நாளில் பார்க்க முடிவதுதான் உங்களுக்குக் கிடைத்த பெரிய வசதி. ஆனால் விடுமுறை நாளைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். வெர்சாய் அரண்மனை திங்கள், லூவ்ர் அருங்காட்சியகம் செவ்வாய், தாஜ் மகால் வெள்ளி மூடியிருக்கும். பல இடங்களில் மூடுவதற்கு ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ முன்னாலேயே உள்ளே விடுவதை நிறுத்திவிடுவார்கள். ஐந்தரைக்கு வேலை முடித்துவிட்டு ஆறு மணிக்கு மூடுகிற கோட்டைக்கு ஓடுவதில் பயனில்லை.

நான் இடங்களை இரண்டாகப் பிரித்துக்கொள்கிறேன். நுழைவுச் சீட்டும் நேரமும் உள்ளவை வேலை இல்லாத நாளுக்கு. ஸ்பெயினின் அல்ஹாம்ப்ரா கோட்டையில் உள்ள நஸ்ரித் அரண்மனைகளுக்குச் சீட்டில் போட்ட நேரத்தில் போயே ஆக வேண்டும், ரோமின் கொலோசியத்துக்கும் நேரம் குறித்த சீட்டுதான். இவற்றைப் பயணத்துக்கு வெகு முன்னாலேயே வாங்கி, அந்த நேரத்தை அலுவலக நாட்காட்டியிலும் அடைத்துவிடுங்கள். போய்ச் சேரும் நேரத்தையும் கணக்கில் எடுங்கள். இங்கிலாந்தின் பழங்காலக் கல் வட்டமான ஸ்டோன்ஹெஞ்சில் வரவேற்பு மையத்திலிருந்து கற்கள் இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி இருக்கின்றன. பிரான்சின் தீவு மடாலயமான மோன் சான் மிஷேலில் வண்டியைக் கரையில் இரண்டரை கிலோமீட்டர் தள்ளி விட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

கதவே இல்லாதவை வேலை நாள் சாயங்காலத்துக்கு. பிரான்சின் மதில் நகரமான கர்கசோனில் கோட்டை அரண்மனைக்குத்தான் சீட்டு, மதிலுக்குள் இருக்கும் தெருக்களில் எந்த நேரமும் நடக்கலாம். இங்கிலாந்தின் ஏவ்பரியில் பிரம்மாண்டமான கல் வட்டத்துக்குள்ளேயே ஒரு கிராமம் இருக்கிறது. கற்களுக்குப் பக்கத்தில் போய் நிற்கலாம், தொடலாம். இந்த மாதிரி இடங்களுக்குத்தான் ஒரு வாரத் தங்கல் கைகொடுக்கும். ஒரே இடத்துக்கு இரண்டு மூன்று முறை போக முடிகிறதே! முதல் முறை மொத்தத்தையும் சுற்றி வாருங்கள். மதியம் அதைப் பற்றி நான்கு பக்கம் படியுங்கள். மறுபடி போகும்போது ஒரே ஒரு மூலையை எடுத்துக்கொண்டு அங்கேயே நில்லுங்கள்.

எதைப் பார்ப்பது என்று கேட்டால், கை படும் உயரத்தில் உள்ளவற்றைப் பாருங்கள் என்பேன். பாம்பேயின் தெருக்கற்களில் வண்டிச் சக்கரங்கள் அறுத்த தடங்கள் விரல் ஆழத்துக்கும் மேல் இருக்கின்றன. தெருவைக் கடக்க நடுவில் உயரமான கற்களைப் போட்டிருக்கிறார்கள். அந்தக் கற்களுக்கு இடையே உள்ள சந்துகளில்தான் சக்கரங்கள் போயிருக்கின்றன, தடங்கள் அதைச் சரியாகக் காட்டுகின்றன. காலையோ மாலையோ வெயில் சாய்ந்து விழும்போது இந்தத் தடங்களும், சுவர்க் கற்களில் உளி பட்ட கோடுகளும், கொத்தர்கள் போட்ட அடையாளக் குறிகளும் எழுந்து நிற்கும். உச்சி வெயிலில் வந்து போகிறவர்களுக்கு அவை கண்ணிலேயே படாது.

கிளம்புகிற நாள்

வேலை நாளின் இரவில் அவசரமாகக் கட்டாதீர்கள். மறுநாள் காலை வெளிச்சத்தில், பேச்சுக்கொடுக்க ஆள் இல்லாத நேரத்தில் செய்யுங்கள். கூரை ஜன்னல், ஆன்டெனா, கேஸ் வால்வு, அலமாரித் தாழ்கள், மின்கேபிள், மூலைக் கால்கள், படிக்கட்டு. அப்புறம் காரோடு கோர்த்து, தற்செயலாகக் கழன்றுகொண்டால் பிரேக் போடுகிற பாதுகாப்புக் கம்பியை மாட்டி, விளக்குகளை ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். முன்பக்கத்தின் சின்னச் சக்கரம் முழுதாக மேலேறிப் பூட்டியிருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். அரை மணி நேரம் ஓட்டியதும் பாதுகாப்பான ஓர் இடத்தில் ஒதுக்கி நிறுத்தி, சக்கரத்தின் நடுப்பகுதிக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் அனல் அடித்தால் பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறது என்று அர்த்தம். அதைச் சரிசெய்யாமல் மேலே போகாதீர்கள்.